படிக்கலாம், எழுதக்கூடாது

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்பு, எங்கள் தோட்டத்துத் தாய் ஒருவர் பழைய மடிக்கணினி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வகுப்பறை வாசலுக்கு வந்தார். மகள் இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம் படிக்கிறாள். அவளுக்காகப் பட்டணத்துக் கடையில் விலை பேசி, கட்டுரை எழுதும் மென்பொருளோடு சேர்த்து வாங்கிய கணினி அது. சில மாதம் நன்றாகவே ஓடியிருக்கிறது. பிறகு ஒரு நாள் திரையின் மேல்புறத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து மகள் எழுதி வைத்திருந்த கட்டுரை திறக்கிறது, படிக்க முடிகிறது. ஆனால் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கவோ திருத்தவோ முடியவில்லை. உரிமம், அதாவது லைசென்ஸ், காலாவதியாகிவிட்டதாம்.

"காசு கொடுத்துத்தானே சார் வாங்குனோம்? படிக்க விடுது, எழுத விடமாட்டேங்குதே!" என்று கேட்டார் அந்தத் தாய்.

நல்ல கேள்வி. வாசலில் நின்றபடி அதற்குச் சரியான விடை சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. இன்றைய உரையில் அதில் ஒரு பகுதியைச் சொல்ல எண்ணுகிறேன்.

நம் வீட்டில் ஒரு தையல் இயந்திரம் வாங்குகிறோம். பணம் கொடுத்துவிட்டால் அது நமது. பாவாடை தைக்கலாம், தலையணை உறை தைக்கலாம், அடுத்த வீட்டுக்காரருக்குக் கூலிக்கும் தைத்துக் கொடுக்கலாம். விற்றவர் வந்து, "நீங்கள் பாவாடை தைக்கத்தான் பணம் கொடுத்தீர்கள், சட்டை தைக்கக்கூடாது" என்று சொல்லமாட்டார். மென்பொருள் அப்படியன்று. கடையில் நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பொருளின் விலை அன்று. அதைப் பயன்படுத்திக்கொள்ள உடையவர் தரும் அனுமதியின் விலை. எவ்வளவு காலத்துக்கு, எத்தனை இயந்திரத்தில், எந்தெந்தக் காரியத்துக்கு என்பதையெல்லாம் அந்த அனுமதிச் சீட்டே முடிவு செய்கிறது.

தொடக்கத்தில் இந்த வழக்கம் இல்லை. கணினிகள் அறை நிறைக்கும் அளவில் இருந்த காலத்தில் மென்பொருள் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. 1969-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம், இயந்திரத்துக்கு ஒரு விலை, மென்பொருள்கள் பலவற்றுக்கும் சேவைகளுக்கும் வேறு விலை என்று பிரிக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் ஒரு தனிச் சரக்காக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியமான திருப்பம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினியைப் பயன்படுத்துவது ஒன்று. கணினிக்குக் கட்டளை எழுதுவது இன்னொன்று. பிறர் செய்து வைத்ததை இயக்குவது முதல் வகை. "இப்படிச் செய், பிறகு அப்படிச் செய்" என்று நாமே வரி வரியாக எழுதி, நமக்கு வேண்டியதைச் செய்ய வைப்பது இரண்டாம் வகை. அப்படி எழுதப்படுவதை ஸ்கிரிப்ட் என்பார்கள். நாம் கட்டளைத் தொடர் என்று சொல்லிக்கொள்வோம்.

இரண்டாம் வகை மெத்தப் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். 1964-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரண்டு ஆசிரியர்கள், கணிதமோ அறிவியலோ படிக்காத மாணவரும் எழுதக்கூடிய பேசிக் என்னும் எளிய கணினி மொழியை உருவாக்கிவிட்டார்கள். 1977-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் 2 கணினிக்குள்ளேயே அந்தப் பேசிக் மொழியின் ஒரு வடிவம் பதிந்திருந்தது. இயந்திரத்தை வாங்கினால் எழுதும் மொழியும் கூடவே வந்துவிடும்.

அதே ஆப்பிள் நிறுவனம் 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் என்னும் புதிய கணினியை வெளியிட்டது. சுட்டெலியை நகர்த்திப் படங்களைத் தொட்டு வேலை செய்யும் அழகான இயந்திரம். கடிதம் எழுத ஒரு மென்பொருளும் படம் வரைய ஒரு மென்பொருளும் அதனோடு வந்தன. கட்டளை எழுத ஒரு மொழி மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில் ஒரு கதை இருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தில் டான் டென்மன் என்னும் பொறியாளர் மெக்பேசிக் என்ற பெயரில் மெக்கின்டாஷுக்கு ஒரு பேசிக் மொழியை எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் ஆப்பிளின் வருமானத்தில் பெரும்பங்கு அப்போது பழைய ஆப்பிள் 2 கணினியிலிருந்துதான் வந்தது. அந்தக் கணினிக்குள் இருந்த பேசிக்கோ, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடம் எட்டு ஆண்டு உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. உரிமம் முடியும் ஆண்டு 1985. மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் ஒரு நிபந்தனை போட்டார்: உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் மெக்பேசிக்கைக் கைவிட வேண்டும். ஆப்பிள் இணங்கியது. மெக்பேசிக்கின் உரிமை மைக்ரோசாஃப்டிடம் 1 டாலருக்குப் போனது. மெக்கின்டாஷை உருவாக்கிய குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். முடியும் தறுவாயில் இருந்த ஒரு வேலை, அதைப் பயன்படுத்தக் காத்திருந்தவர்களுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் ஒப்பந்தத்தால் நின்றுபோனது. எழுதும் திறமை இல்லாமல் நிற்கவில்லை. காகிதத்தில் ஒரு கையெழுத்தால் நின்றது.

இரண்டு ஆண்டு கழித்து அந்தக் குறையை ஒருவர் தீர்த்து வைத்தார். அவர் பெயர் பில் அட்கின்சன். மெக்கின்டாஷில் படம் வரையும் மென்பொருளை எழுதியவரும் அவரே. ஹைப்பர்கார்ட் என்ற புதிய மென்பொருளை அவர் உருவாக்கினார். அதை ஆப்பிளுக்குக் கொடுக்கும்போது ஒரு வாக்குறுதி கேட்டுப் பெற்றார்: ஒவ்வொரு மெக்கின்டாஷ் கணினியோடும் இது இலவசமாகப் போக வேண்டும். 1987 ஆகஸ்டு 11-ஆம் நாள் பாஸ்டன் நகரக் கண்காட்சியில் அது வெளியானது. ஏற்கெனவே கணினி வைத்திருந்தவர்கள் 50 டாலருக்குள் வாங்கிக்கொள்ள முடிந்தது.

ஹைப்பர்கார்ட் எப்படிப்பட்டது? ஓர் அட்டைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தோட்ட மருந்தகத்தில் நோயாளிகளின் அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அது போல. ஒவ்வோர் அட்டையிலும் எழுத்து இருக்கலாம், படம் இருக்கலாம், பொத்தான் இருக்கலாம். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நாமே எழுதலாம். அதற்கென டான் விங்க்லர் என்பவர் ஹைப்பர்டாக் என்னும் மொழியை அமைத்தார். ஏறக்குறைய பேச்சு ஆங்கிலம் போலவே இருக்கும். "சுட்டெலியை அழுத்தி விட்டதும், அடுத்த அட்டைக்குப் போ" என்று நாம் சொல்லுவது போலவே அதில் மூன்று வரி எழுதினால் போதும். கணினி அப்படியே செய்யும்.

இதை அதிகம் பிடித்துக்கொண்டவர்களில் என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலர். பறவைகளைப் பற்றிய பாட அட்டைகள், பெருக்கல் பயிற்சி, நூலகப் பட்டியல், ஊர் வரலாறு என்று தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1989-இல் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை விளக்கும் இசைப் பாடம் ஒன்று இதைக் கொண்டே வெளியானது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் அண்ணன் தம்பியர் இதில் குழந்தைகளுக்கான விளையாட்டுக் கதைகள் செய்யத் தொடங்கினார்கள். 1993-இல் அவர்கள் வெளியிட்ட மிஸ்ட் என்னும் விளையாட்டு உலகமெங்கும் பல இலட்சம் பிரதிகள் விற்றது. அதன் மெக்கின்டாஷ் வடிவம் ஹைப்பர்கார்டின் மேல் கட்டப்பட்டதுதான்.

ஹைப்பர்கார்டுக்குள் ஐந்து படிகள் இருந்தன. முதற்படி, பார்ப்பது. இரண்டாவது, தட்டச்சு செய்வது. மூன்றாவது, படம் வரைவது. நான்காவது, பொத்தான்களையும் கட்டங்களையும் புதிதாக அமைப்பது. ஐந்தாவது, கட்டளைத் தொடர் எழுதுவது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை நாமே தெரிந்தெடுக்கலாம். இன்று பார்ப்பவர் நாளை தட்டச்சு செய்வார். மறுமாதம் வேறொருவர் எழுதிய பொத்தானைத் திறந்து, உள்ளே இருக்கும் வரிகளைப் படித்து, ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பார். பிள்ளைகள் எழுதப் பழகுவதும் இப்படித்தானே? வாசித்து வாசித்து, பிறகு ஒரு வரியை மாற்றி, பிறகு சொந்தமாக ஒரு வரி. நான் பயிற்சிக் கல்லூரியில் கற்ற கற்பித்தல் முறைகள் பல மறந்துவிட்டன, இது மறக்கவில்லை.

இனிதான் பூட்டு வருகிறது.

ஆப்பிள் தன் மென்பொருள்களை விற்பதற்கு கிளாரிஸ் என்ற துணை நிறுவனத்தை வைத்திருந்தது. 1990-ஆம் ஆண்டை ஒட்டி ஹைப்பர்கார்டும் கிளாரிஸ் கைக்குப் போனது. அந்த ஆண்டே வேகமும் வசதியும் கூடிய இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. ஒரு விற்பனை நிறுவனம் என்ன நினைக்கும்? "இவ்வளவு நல்ல சரக்கை இலவசமாகக் கொடுத்தால் நம் பிழைப்பு எப்படி?" என்று நினைக்கும். அதைத் தவறென்று சொல்லமாட்டேன். எழுதிய பொறியாளர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டுமல்லவா?

ஆகவே, புதிய கணினியோடு இலவசமாகப் போன ஹைப்பர்கார்டில் மேற்படிகள் மூடப்பட்டன. பிறர் செய்த அட்டைக் கட்டை இயக்கலாம், பொத்தானை அழுத்தலாம், அதற்கென விடப்பட்ட கட்டங்களில் தட்டச்சு செய்யலாம். சொந்தமாகச் செய்ய வேண்டுமானால் முழுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் போட்ட பூட்டு வெறும் தாழ்ப்பாள்தான். உள்ளே முழு மென்பொருளும் அப்படியே இருந்தது. சிறு செய்திப் பெட்டி ஒன்றில் மந்திரம் என்று பொருள்படும் "மேஜிக்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஐந்து படிகளும் திறந்துகொள்ளும்! அலிபாபா குகை போலத்தான். இந்த இரகசியம் வாய்வழியாகப் பரவி எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதன் பிறகு ஹைப்பர்கார்ட் பிளேயர் என்ற தனி மென்பொருளைச் செய்து, இயக்கும் வசதியை மட்டும் அதில் வைத்து, கணினியோடு அதைக் கொடுத்தார்கள். இந்த முறை மந்திரம் பலிக்கவில்லை.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நான் ஆசிரியன் என்பதால் ஆசிரியர் கண்ணால் பார்க்கிறேன். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் நூறு வினாக்கள் கொண்ட அட்டைக் கட்டு ஒன்று செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறார். அதில் ஒரு பொத்தான், பிள்ளை சரியான விடை சொன்னாலும் "தவறு" என்கிறது. கட்டளைத் தொடரில் ஒரு சொல் பிழை, அவ்வளவுதான். பழைய ஹைப்பர்கார்டாக இருந்தால் எந்தப் பள்ளியின் ஆசிரியரும், ஏன், கெட்டிக்கார மாணவர்கூட, உள்ளே போய்ப் பார்த்துத் திருத்திவிடுவார். பிளேயர் மட்டும் வைத்திருக்கும் பள்ளியில் அந்தப் பிழை அப்படியே நிற்கும். பிழை இருப்பது தெரியும்; இருக்கும் இடமும் தெரியும்; கை மட்டும் போகாது. திருத்தத் தெரிந்தவனைத் திருத்தத் தெரியாதவனோடு சேர்த்து உட்கார வைத்துவிடுகிறது இந்தப் பூட்டு. அதைவிடப் பெரிய நட்டம், முதற்படியிலிருந்து தற்செயலாக ஐந்தாம் படிக்கு ஏறியிருக்கக்கூடிய பிள்ளைகளுடையது. அவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைத்திருக்க முடியாது.

முன்பு இலவசமாக இருந்ததற்கு இப்போது பணமா என்று பயனாளர்கள் குறைப்பட்டார்கள். ஹைப்பர்கார்ட் பிறகு ஆப்பிளிடமே திரும்பியது. ஆனாலும் அது பழைய நிலைக்கு எழவில்லை. 2004 மார்ச்சில் விற்பனையும் நிறுத்தப்பட்டது. பில் அட்கின்சன் 2025 ஜூன் மாதம் காலமானார்.

இதே காலத்தில் வேறொரு வழக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தது. நம் கதையோடு நெருங்கியது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள் 1983-இல் வந்தது. அலுவலகங்களில் சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு எல்லாம் அதில்தான். அடிக்கடி செய்யும் வேலையை மேக்ரோ என்னும் கட்டளைத் தொடராகப் பயனாளரே எழுதி வைத்துக்கொள்ளலாம். இலட்சக்கணக்கான எழுத்தர்கள் அப்படி எழுதி வைத்திருந்தார்கள். போர்லாண்ட் என்ற நிறுவனம் போட்டியாக ஒரு மென்பொருள் விற்றது. லோட்டஸில் எழுதிய மேக்ரோக்கள் தன்னிடமும் ஓடுவதற்காக, லோட்டஸின் கட்டளைப் பெயர்களையும் வரிசையையும் அது அப்படியே பின்பற்றியது. லோட்டஸ் 1990-இல் வழக்குப் போட்டது: அந்தக் கட்டளை வரிசை எங்கள் பதிப்புரிமை, வேறு யாரும் தொடக்கூடாது.

கீழ் நீதிமன்றம் லோட்டஸின் பக்கம் நின்றது. கட்டளை வரிசையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, பழைய மேக்ரோக்களைப் படித்து இயக்கும் பகுதியை மட்டும் போர்லாண்ட் வைத்துக்கொண்டபோது, அதுவும் குற்றமே என்றது.

நேயர்களே, இங்கே எனக்கு என் தாயாரின் நினைவு வருகிறது. லயத்து வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் பயற்றங்காயும் போட்டிருப்பார். நிலம் தோட்டத்துடையது. விதை, உரம், தண்ணீர் சுமந்த தோள் எல்லாம் அவருடையது. வேலியை நகர்த்த வேண்டும் என்று நிர்வாகம் சொன்ன நாளில், "நிலம் உங்களுடையதுதான் ஐயா, ஆனால் செடி?" என்று கிராணியிடம் கேட்டார். கிராணி சிரித்துவிட்டுப் போனார். மேக்ரோ எழுதிய எழுத்தர்களின் நிலை ஏறத்தாழ அதுதான். மொழி லோட்டஸுடையது, அந்த மொழியில் எழுதிய உழைப்பு யாருடையது?

மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995 மார்ச்சில் தீர்ப்பை மாற்றியது. கட்டளை வரிசை என்பது இயந்திரத்தை இயக்கும் முறை; அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி பௌடின் தம் தனிக் குறிப்பில் சொன்ன கருத்து எனக்கு மிகவும் பிடித்தது: இந்தக் கட்டளைகளைக் கற்றுக்கொண்டதும் மேக்ரோக்களை எழுதியதும் பயனாளர்கள் போட்ட முதலீடு, லோட்டஸ் போட்டது அன்று, அதைக் காரணமாக வைத்து அவர்களை லோட்டஸிடமே சிறைப்படுத்தி வைப்பதில் நியாயம் தெரியவில்லை என்ற பொருளில் எழுதினார். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் மேல்முறையீட்டுத் தீர்ப்பே நிலைத்தது.

மீண்டும் அட்டைக் கட்டுக் கதைக்கு வருவோம். ஹைப்பர்கார்டைப் பின்பற்றி மெட்டாகார்ட் என்றொரு மென்பொருள் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. ஸ்காட் ரேனி என்பவர் எழுதியது. மெக்கின்டாஷில் மட்டுமன்றி வேறு வகைக் கணினிகளிலும் ஓடியது. இலவசமாகப் பெற்றுச் சோதித்துப் பார்க்கலாம், எழுதவும் செய்யலாம். ஆனால் ஒரு வரம்பு உண்டு. பணம் கட்டாதவர் எழுதும் கட்டளைத் தொடர் 10 கட்டளைகளுக்கு மேல் போகக்கூடாது. பதினோராவது கட்டளையை அது ஏற்காது.

பத்துக் கட்டளையில் என்ன செய்துவிட முடியும்? பெருக்கல் வாய்ப்பாட்டுப் பயிற்சி ஒன்றைப் பார்ப்போம். ஓர் எண்ணை எடு. இன்னோர் எண்ணை எடு. இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு என்று கேள். விடை சரியா என்று பார். சரியென்றால் மதிப்பெண்ணில் ஒன்று கூட்டு. "சரி" என்று காட்டு. இல்லையென்றால், "மீண்டும் முயற்சி செய்" என்று காட்டு. முடி. இதோ, எட்டு ஒன்பதில் ஒரு பயிற்சி ஓடிவிட்டது! பிள்ளைக்கு உற்சாகம் வருகிறது. அடுத்து, பத்து வினா முடிந்ததும் நிற்க வேண்டும். தவறிய வினா மறுபடி வர வேண்டும். நேற்றைய மதிப்பெண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அங்கே போய் முட்டுகிறது. தையல் இயந்திரம் பத்துத் தையல் போட்டுவிட்டு நிற்பது போல. வேலையைத் துண்டு துண்டாக்கி, பத்துப் பத்துக் கட்டளையாகப் பல பொத்தான்களுக்குள் பிரித்து வைத்து வரம்பைத் தாண்டியவர்களும் உண்டு. நூல் அறுத்து அறுத்து முடிச்சுப் போட்டுத் தைப்பது மாதிரி அது. ஒரு பாவாடைக்குச் சரி, ஒரு கடைக்கு ஆகாது.

என் கருத்தைச் சொல்லட்டுமா? கிளாரிஸ் போட்ட பூட்டைவிட இந்தப் பத்து வரி வரம்பு நேர்மையானது. முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கதவை முழுக்க மூடவில்லை. கற்றுக்கொள்ள வருகிறவன் ஐந்தாம் படியில் ஒரு காலையாவது வைத்துப் பார்க்க முடிந்தது.

அந்த மென்பொருளின் இயந்திரப் பகுதியை 2003-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர நிறுவனம் ஒன்று வாங்கியது. பின்னாளில் லைவ்கோட் என்று பெயர் பெற்றது அதுதான். பத்து என்ற எண் அங்கும் இன்னொரு வடிவில் தொடர்ந்தது. முழு விலை கொடுத்து வாங்கி, நீங்கள் ஒரு மென்பொருள் செய்து மற்றவருக்குக் கொடுத்தாலும், அதைப் பயன்படுத்துகிறவர் அதற்குள் சொந்தமாகக் கட்டளைத் தொடரைப் புகுத்த விரும்பினால் பத்துக் கட்டளைதான். காரணம் எளிது. அந்த வரம்பு இல்லாவிட்டால், யாரேனும் ஒருவர் ஒரு பிரதியை வாங்கி, அதைக் கொண்டே எழுதும் பட்டறை ஒன்றைச் செய்து ஊருக்கெல்லாம் இலவசமாக விட்டுவிடுவார். பிறகு நிறுவனத்திடம் யார் வாங்குவார்? வேலியைக் காக்கிறவனுக்கு அது நியாயம். வேலிக்குள் பயிர் செய்கிறவனுக்கு?

2013-ஆம் ஆண்டு அந்த நிறுவனமே ஒரு புதுமை செய்தது. கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையத்தளத்தின் வழி பொதுமக்களிடம் 3 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கேட்டது. கிடைத்தால், மூல நிரலைத் திறந்து, எல்லோருக்கும் இலவசமாக ஒரு பதிப்பைத் தருவோம் என்றது. 4 இலட்சத்து 90 ஆயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. வாக்களித்தபடி அந்த ஆண்டு ஏப்ரலில் இலவசப் பதிப்பு வந்தது. அதன் உரிமம் ஜி.பி.எல். என்பது. அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-இல் முதலில் எழுதிய உரிமம் அது. மற்ற உரிமங்கள் "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று கையைக் கட்டும்; இது, "நீ திறந்து பார், மாற்று, பிறருக்குக் கொடு; ஆனால் அவர்களுக்கும் அதே உரிமையோடு கொடு" என்று சொல்லும்.

எட்டு ஆண்டு அந்தப் பதிப்பு வெளிவந்தது. 2021 ஆகஸ்டு இறுதியில் நிறுவனம் அதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. கட்டணப் பதிப்பு மட்டுமே இனி என்றது. பலருக்கு வருத்தம், சிலருக்குக் கோபம். ஆனால் ஹைப்பர்கார்டுக்கு நேர்ந்தது இதற்கு முழுவதும் நேரவில்லை. கடைசியாக வந்த திறந்த பதிப்பு ஜி.பி.எல். உரிமத்தில் வெளியாகியிருந்ததால் அதைத் திரும்ப வாங்க யாராலும் முடியாது. ஆர்வலர்கள் சிலர் அதை எடுத்து, வேறு பெயர் வைத்து, தாங்களே பழுது பார்த்து நடத்தத் தொடங்கினார்கள். மெக்பேசிக் ஒரு கையெழுத்தில் போனது, இது ஒரு கையெழுத்தில் தப்பியது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். நம் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டளை எழுதப் பழகும் ஸ்கிராட்ச் என்னும் மென்பொருள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்திலிருந்து 2007-இல் வெளியானது. இலவசம். அதன் இணையத்தளத்தில் பிறர் பகிர்ந்திருக்கும் எந்த விளையாட்டையும் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அதில் விளையாடிக்கொண்டிருந்தால், ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை வாசித்துக் காட்டும்.

அந்தத் தாயின் மடிக்கணினிக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று மாலையே லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச மென்பொருளை அதில் போட்டுக் கொடுத்தேன். அதுவும் திறந்த உரிமத்தில் வருவது. மேக்ரோ எழுதவும் அதில் வரம்பில்லை. மகளின் கட்டுரை திறந்தது. ஒரு பட்டியல் மட்டும் கொஞ்சம் கோணலாக வந்தது. அதை அவளே இழுத்துச் சரி செய்தாள். "நம் ஊர் ஆறு" என்பது கட்டுரையின் தலைப்பு. மூன்றாம் பத்தியில் விட்ட இடத்திலிருந்து, நான் பக்கத்தில் நிற்பதைக்கூடக் கவனிக்காமல், எழுதத் தொடங்கிவிட்டாள்.